கேட்டைப் பூட்டுவதா, டேப்பின் மறுமுனையைப் பிடிப்பதா?

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் சொல்லாவிட்டாலும் கண்டுபிடித்திருப்பேன், பத்திகளுக்கு எண் போட்டிருக்கிறார். பெயர், தெரு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

1993இல் அவரும் கணவரும் 40க்கு 60 மனை ஒன்றை வாங்கினார்கள். சரியாக ஒரு கிரவுண்டு. 1996இல் வீடு கட்டி, மேற்குப் பக்கம் காம்பவுண்டு சுவரும் எழுப்பினார்கள். கிழக்குச் சுவர் பக்கத்து வீட்டுக்காரர் முன்பே கட்டியது. கணவர் காலமாகி நான்கு வருடமாகிறது. ஒரே மகன் அமெரிக்காவில், புளோரிடாவில் வேலை பார்க்கிறார். மேற்கே வெகுகாலம் காலியாகக் கிடந்த மனை போன வருடம் ஒரு பில்டர் கைக்குப் போனது.

ஒருநாள் காலை இவர் கோயிலுக்குப் போன நேரத்தில் இரண்டு பேர் மேற்குச் சுவரேறி உள்ளே குதித்திருக்கிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் முருங்கை மரத்தடியில் ஒரு இரும்பு முளை, சுவரில் சிவப்புப் பெயின்டில் அம்புக்குறி. "யாரைக் கேட்டு உள்ளே வந்தீங்க?" என்று கேட்டதற்கு, "சர்வேயர் எங்க வேணும்னாலும் நுழையலாம்மா, சட்டத்துல இடம் இருக்கு" என்று பதில். அடுத்த வாரம் பில்டரின் ஆள் வந்து, சுவர் ஒன்றேகால் அடி தங்கள் பக்கம் தள்ளி நிற்கிறது, 60 அடி நீளத்துக்கு 75 சதுர அடி போகிறது, நீங்களாகவே இடித்துவிட்டால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து நாளில் தாலுகா அலுவலகத்திலிருந்து ஒரு அறிவிப்பும் வந்தது. மேற்கு மனையை அளந்து அத்து, அதாவது எல்லை, காட்ட இன்ன தேதியில் வருகிறோம், உடனிருங்கள் என்று, இறந்துபோன கணவரின் பெயருக்கு.

மகன் போனில், "அம்மா, சர்வேயரைத் தடுக்காதே, இங்கெல்லாம் தடுத்தால் நம்ம மேலதான் கேஸ் வரும்" என்கிறார். கணவரின் தம்பியோ, "கேட்டைப் பூட்டுங்க அண்ணி, நாயை அவிழ்த்து விடுங்க, முளையைப் பிடுங்கி எறிங்க. பன்னிரண்டு வருஷம் தாண்டிட்டா எல்லாம் நம்மளோடதுதான்" என்கிறார். இதற்கு நடுவே தெருமுனையில் முக்காலி வைத்து யாரோ அளந்துகொண்டிருக்கிறார்கள், ரோடு அகலப்படுத்தப் போகிறார்களாம் என்று பேச்சு.

கடைசிப் பக்கத்தில், எண் போடாத பத்தியில் இப்படி எழுதியிருக்கிறார்: "நானே ஒருநாள் ரோட்டுப் பக்கம் நின்று, இந்தச் சுவர் ஓரத்திலிருந்து அந்தச் சுவர் ஓரம் வரை டேப் பிடித்துப் பார்த்தேன். 40 அடி 9 அங்குலம் வருகிறது. அன்றிலிருந்து தூக்கமில்லை." இதை வெளியிடலாமா என்று கேட்டேன். வெளியிடுங்கள் என்றார்.

அம்மா, அந்த ஒன்பது அங்குலத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் கேட்டைப் பூட்டும் விஷயம்.

உங்கள் மகன் சொல்வதும் கொழுந்தனார் சொல்வதும் பாதிப் பாதி சரி. இருவருமே சர்வேயர் என்றால் ஒரே ஆள் என்று நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல். டேப்பும் முக்காலியும் எடுத்துக்கொண்டு வருகிறவருக்கு அவற்றால் எந்த அதிகாரமும் வந்துவிடாது. அவரை அனுப்பியது யார், எந்தச் சட்டத்தின் கீழ், என்ன காகிதம் கொடுத்து என்பதில்தான் அதிகாரம் இருக்கிறது. உங்கள் கடிதத்திலேயே மூன்று விதமான சர்வேயர்கள் வருகிறார்கள். மூவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

சுவரேறிக் குதித்தவர்கள்

இவர்களுக்கு எந்த உரிமையும் கிடையாது. பில்டர் கூலி கொடுத்து அமர்த்திய தனியார் அளவர் உங்கள் மனையைப் பொறுத்தவரை ஒரு வெளியாள், அவ்வளவுதான். அவர் அரசிடம் உரிமம் வாங்கியவராகவே இருந்தாலும், அது அளக்கத் தெரியும் என்பதற்கான சான்று. அடுத்தவர் மனைக்குள் நுழைய அனுமதிச் சீட்டு அல்ல.

மகன் சொன்னது அவர் இருக்கும் ஊருக்குப் பொருந்தும். புளோரிடா மாநிலச் சட்டத்தில், அளவைப் பணிக்குத் தேவையென்றால் உரிமம் பெற்ற அளவர் பிறர் நிலத்தில் நடந்து போகலாம், அது அத்துமீறல் ஆகாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அங்கேயும் நில உரிமையாளர் எழுத்தில் அனுமதி தராமல் எதையும் சேதப்படுத்தவோ நகர்த்தவோ கூடாது. வேறு சில மாநிலங்களில் முன்கூட்டியே அறிவிப்பும் கொடுத்தாக வேண்டும். அந்த மாதிரி ஒரு சட்டம் தமிழ்நாட்டில் தனியார் அளவர்களுக்குக் கிடையாது. "சட்டத்துல இடம் இருக்கு" என்றவரிடம் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று கேட்டிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். நீங்கள் பதறிப்போயிருந்தீர்கள், பரவாயில்லை.

போலீசில் புகார் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கலாம். ஆனால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். அனுமதியில்லாமல் உள்ளே வந்ததே உரிமையியல் சட்டப்படி தவறு. குற்றவியல் அத்துமீறல் என்றால், இப்போதுள்ள பாரதிய நியாய சன்ஹிதா 329ஆம் பிரிவின்படி, ஏதாவது குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, தொந்தரவு கொடுக்கவோ வந்தார்கள் என்ற நோக்கத்தைக் காட்ட வேண்டும். அதனால்தான் ஸ்டேஷனில், "இது சிவில் மேட்டர்மா" என்பார்கள். அதைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஆளில்லாத நேரம் பார்த்துச் சுவர் ஏறியது, சுவரில் பெயின்ட் அடித்தது, அதன்பிறகு இடிக்கச் சொல்லி ஆள் வந்தது, இவற்றைத் தேதியோடு வரிசையாக எழுதிக்கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள். யாரும் கைதாகப் போவதில்லை. ஆனால் நாளைக்கு ராத்திரியோடு ராத்திரியாகச் சுவரை யாராவது இடித்தால், முன்பே புகார் கொடுத்திருக்கிறேன் என்று காட்ட அந்தத் துண்டுச் சீட்டு உதவும். பில்டருக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். நான்கு வரி போதும்: என் அனுமதியில்லாமல் உங்கள் ஆட்கள் இன்ன தேதியில் என் மனைக்குள் நுழைந்தார்கள், இனி எழுத்துமூலம் கேட்டு என் சம்மதம் பெறாமல் யாரும் வரக்கூடாது, எல்லை பற்றி எதுவானாலும் எழுத்தில் பேசுங்கள். கோபமான வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். பிற்பாடு அதை நீதிபதி வாசிப்பார்.

நாய் வேண்டாம். அளக்க வந்த கூலியாளைக் கடித்துவிட்டால் வழக்கு உங்கள் பக்கம் திரும்பிவிடும். வளர்ப்பு மிருகத்தை அசட்டையாக அவிழ்த்து விடுவதற்கும் தண்டனை உண்டு.

தாலுகா சர்வேயர்

இவர் விஷயம் வேறு. தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் 1923இல் வந்தது. இன்னும் அதைத்தான் பின்பற்றுகிறோம். அந்தச் சட்டப்படி அளவைக்கு வரும் அரசு அலுவலர் நிலத்துக்குள் நுழையலாம், பார்வையிடலாம், அளக்கலாம், எல்லைக்கோட்டை மறைக்கும் வேலியையும் செடியையும் அகற்றவும் செய்யலாம். கூடவே சில கடமைகளும் உண்டு. நிலத்தில் அக்கறையுள்ளவர்களுக்கு அறிவிப்பு தர வேண்டும், அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும், எல்லையில் தகராறு என்றால் காரணம் எழுதி முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவின் மேல் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு. அளவை முடிந்ததாக அறிவிக்கை வந்த பிறகும் மூன்று வருடத்துக்குள் சிவில் வழக்குப் போடலாம். நூறு வருடத்துக்கு முந்தைய சட்டம் என்றாலும், நுழையும் அதிகாரத்தையும் எதிர்த்துக் கேட்கும் உரிமையையும் சேர்த்தேதான் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் உங்கள் வீட்டுக்கு வரப்போவது புதிய அளவை அல்ல. பேச்சுவழக்கில் எஃப் லைன் மனு என்பார்கள், தாலுகா பாஷையில் அத்து காட்டுதல். மேற்கு மனையின் பட்டாதாரர் கட்டணம் கட்டி, என் எல்லையைத் தரையில் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறார். இப்போது இதற்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். சர்வேயரின் வேலை, ஏற்கெனவே புல வரைபடத்திலோ நகர நில அளவைப் பதிவேட்டிலோ இருக்கும் கோட்டைத் தரையில் எடுத்துக் காட்டுவது மட்டும்தான். புதிய எல்லை போட அவருக்கு அதிகாரம் இல்லை. இந்த நிலம் யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொல்லவும் முடியாது. உங்கள் சுவரை இடிக்கும் உத்தரவை அவரால் நிச்சயமாகத் தர முடியாது. நீங்கள் பயப்படும் அந்தக் கடைசி விஷயம் அவர் கையில் இல்லவே இல்லை.

அப்படியானால் கேட்டைப் பூட்டலாமே என்று கொழுந்தனார் கேட்பார். பூட்டினால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். பக்கத்து நிலத்தார் ஒத்துழைக்கவில்லை என்று எழுதிவிட்டுப் போவார். பில்டர் அதை வைத்துப் போலீஸ் பாதுகாப்போடு அளக்கக் கேட்பார், வேண்டுமானால் உயர் நீதிமன்றத்துக்கும் போய் உத்தரவு வாங்கி வருவார். இரண்டாவது முறை சர்வேயர் வரும்போது தெருவே வேடிக்கை பார்க்கும், பூட்டிக்கொண்டவர் என்ற பெயர் உங்களுக்கு நிலைத்துவிடும். அரசு ஊழியரின் கடமைக்கு இடையூறு செய்தால் மூன்று மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. தள்ளுமுள்ளு ஆகிவிட்டால் அது இரண்டு வருடப் பிரிவு. இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. நீங்கள் இல்லாத இடத்தில் டேப்பின் மறுமுனையைப் பிடிப்பது பில்டரின் ஆள். எந்தக் கல்லிலிருந்து தொடங்குவது என்று காட்டுவதும் அவர்தான்.

இருபத்தைந்து வருட சிவில் வக்கீல் தொழிலில் நான் பார்த்த எல்லைத் தகராறுகளில் பெரும்பாலானவை தொடங்குமிடத்தில்தான் பிழைத்தன, அல்லது கெட்டன. சர்வே கல் புதைந்துபோயிருக்கும். யாரோ ஒருவர் இதுதான் கல் என்று ஒரு மைல்கல் துண்டைக் காட்டுவார். அங்கிருந்து எவ்வளவு துல்லியமான கருவி வைத்து அளந்தாலும் பிழையும் அவ்வளவு துல்லியமாகவே வரும். உங்கள் பேட்டைக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய அளவைக்கு 1802இல் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய அளவையாளர் போட்ட ஆதாரக் கோடு, பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்றுவரை ஏழரை மைல். ஏறக்குறைய உங்கள் பக்கமாகத்தான் அந்தச் சங்கிலி இழுபட்டிருக்கும். அந்த ஒரு கோட்டை அளக்கவே வாரக்கணக்கில் ஆனது, ஏனென்றால் மற்ற அத்தனை அளவும் அதன்மேல்தான் நிற்கப்போகிறது. உங்கள் மேற்குச் சுவருக்கும் அதே நியாயம்தான். எந்தக் கல்லிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள் சார் என்று முதலில் கேளுங்கள். இரண்டு பக்கமும் உறுதியான கல்லோ, பழைய மதிலோ, ரோட்டுச் சந்திப்போ இருக்கிறதா, இரண்டிலிருந்தும் அளந்து ஒத்துப்பார்த்தார்களா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஆசிரியர் குரலில் கேட்டால் பதிலும் வரும்.

அறிவிப்பு இறந்தவர் பெயரில் வந்திருப்பதால் செல்லாது, வாங்காமல் திருப்பிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வக்கீலாக நான் கோர்ட்டில் அப்படி வாதாடலாம். நீங்கள் அதை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. உண்மையில் அந்த அறிவிப்பு சொல்வது ஒன்றுதான், பட்டா இன்னும் உங்கள் கணவர் பெயரிலேயே இருக்கிறது. நான்கு வருடமாக அதை மாற்றவில்லை. வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், கிரயப் பத்திர நகல் ஆகியவற்றை வைத்துப் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள். அளவைத் தேதிக்குள் முடியாது. ஆனால் விண்ணப்பித்த ஒப்புகைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நான் மனைவி, வாரிசு, அனுபவத்தில் (நிலத்தைக் கைவசம் வைத்து) இருப்பவள் என்று தாசில்தாருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டால் உங்களை ஒதுக்கிவிட்டு அளந்தோம் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தத் தேதியில் உங்களால் இருக்க முடியாதென்றால் வேறு தேதியும் எழுத்தில் கேட்கலாம்.

அன்று செய்ய வேண்டியவை அதிகமில்லை:

— கிரயப் பத்திரம், மனைப்பிரிவு வரைபடம், பட்டா, புல வரைபடம் எல்லாம் நகலாக வைத்துக்கொள்ளுங்கள். மூலப் பத்திரத்தை பீரோவை விட்டு எடுக்காதீர்கள்.

— வருகிறவரின் அடையாள அட்டையையும், எந்த மனுவின் பேரில் வந்திருக்கிறார் என்ற காகிதத்தையும் பாருங்கள். கூட வருகிற பில்டர் ஆட்கள் உங்கள் மனைக்குள் வரத் தேவையில்லை. சர்வேயரும் அவருடைய உதவியாளரும் வரலாம், காம்பவுண்டு மூலைகள் வரை. வீட்டுக்குள் அவருக்கு வேலை இல்லை.

— கட்டணம் மனுதாரர் கட்டியாயிற்று. பேட்டா, டேப் பிடித்த கூலி என்று உங்களிடம் யாரும் கேட்கக் கூடாது.

— கையெழுத்துக் கேட்டால் போடுங்கள். பக்கத்திலேயே, "அளவையின்போது உடனிருந்தேன், முடிவுக்கு ஒப்புதல் தரவில்லை" என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். அப்படி எழுத விடவில்லை என்றால் போடாதீர்கள். வந்திருந்தேன் என்பதற்குப் போடும் கையெழுத்து ஒப்புக்கொண்டேன் என்று ஆகிவிடக் கூடாது, அவ்வளவே. போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவில் திருப்தியில்லை என்றால் மறு அளவை கேட்டு தாசில்தாருக்கும், மாவட்டத்தில் நில அளவைத் துறை உதவி இயக்குநருக்கும் மனு கொடுக்கலாம். இன்னொன்றும் பார்க்க வேண்டும். உங்கள் மனைப்பிரிவு அந்தக் காலத்து மடிப்பாக்கம். பெரிய சர்வே எண் ஒன்றை மனைகளாகப் போட்டு விற்றிருப்பார்கள். உங்கள் மனைக்கும் மேற்கு மனைக்கும் தனித்தனி உட்பிரிவு ஆகியிருக்கிறதா, அல்லது இன்னும் கூட்டுப் பட்டாவா? உட்பிரிவே ஆகவில்லையென்றால், இரண்டு மனைக்கும் நடுவிலுள்ள கோடு அரசுப் பதிவில் எங்குமே இல்லை. இல்லாத கோட்டை சர்வேயர் எப்படிக் காட்டுவார்? இதை முதலில் பாருங்கள். ஒருவேளை விவகாரம் முழுவதும் இந்த ஒரு கேள்வியிலேயே நின்றுவிடலாம்.

ஒன்பது அங்குலம்

இப்போது உங்கள் தூக்கத்தைக் கெடுத்த கணக்குக்கு வருகிறேன். ரோட்டில் நின்று ஒரு சுவரின் வெளி ஓரத்திலிருந்து மறு சுவரின் வெளி ஓரம் வரை அளந்திருக்கிறீர்கள். கிழக்குச் சுவர் பக்கத்து வீட்டுக்காரர் கட்டியது என்று இரண்டாம் பத்தியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் மனையில் அவர் கட்டிய சுவரின் கனத்தையும் உங்கள் அளவில் சேர்த்துவிட்டீர்கள் போலிருக்கிறது. ஒரு செங்கல் சுவரின் கனம் எவ்வளவு? ஒன்பது அங்குலம்.

இதுதான் விடை என்று அடித்துச் சொல்லமாட்டேன். கிழக்குச் சுவரின் உள் ஓரத்திலிருந்து மறுபடி அளந்து பாருங்கள். பின்பக்கமும் அளந்து பாருங்கள், முன்னால் சரியாக இருந்து பின்னால் விரிகிற மனைகள் ஏராளம். அலகையும் கவனியுங்கள். பத்திரம் அடியில் இருக்கும், புல வரைபடம் மீட்டரில் இருக்கும். 40 அடி என்பது 12.19 மீட்டர். ஒரு தசமத்தோடு நிறுத்தி எழுதினால் ஒவ்வொரு அளவிலும் இரண்டு அங்குலம் வரை அப்படியோ இப்படியோ போகும். பில்டர் சொல்லும் ஒன்றேகால் அடி அந்தக் கணக்கில் வராது. ஆனால் அவர் ஆள் எங்கிருந்து அளந்தார் என்று நமக்குத் தெரியாது. சுவரேறிக் குதித்தவர் சர்வே கல்லைத் தேடிக்கொண்டிருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, உண்மையிலேயே சில அங்குலம் அந்தப் பக்கம் போயிருந்தால்? அப்போதும் பில்டர் கடப்பாரையோடு வர முடியாது. அனுபவத்தில் இருப்பவரை, நிலத்துக்கு உண்மையான சொந்தக்காரராகவே இருந்தாலும், நீதிமன்றத்தின் மூலம்தான் வெளியேற்ற முடியும். மீறிச் சுவரை இடித்து நிலத்தைப் பிடித்தால், குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 6ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு அனுபவத்தைத் திரும்பப் பெறலாம். அந்த வழக்கில் நிலம் யாருடையது என்ற கேள்விக்கே போக வேண்டியதில்லை. ஆறு மாதம் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

கொழுந்தனாரின் பன்னிரண்டு வருடக் கணக்கை அவ்வளவு சுலபமாக நம்பிவிடாதீர்கள். எதிரிடை அனுபோகம் என்பது வெறுமனே வருடம் எண்ணுவது அல்ல. இது அடுத்தவன் நிலம், அவனுக்குத் தெரியும்படியே என்னுடையதாக வைத்திருக்கிறேன் என்று பன்னிரண்டு வருடம் வெளிப்படையாக, இடைவிடாமல் இருந்ததை நிரூபிக்க வேண்டும். நீங்களோ, என் எல்லைக்குள்தான் சுவர் கட்டினேன் என்கிறீர்கள். இரண்டு வாதமும் ஒன்றையொன்று முட்டும். எதிரிடை அனுபோகத்தால் உரிமை பெற்றவரும் வாதியாக வந்து வழக்குத் தொடரலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆக அந்த வழி அடைபட்டதில்லை. ஆனால் அது கடைசி வழி. அதைத் தெருவில் நின்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிட்டால், அந்த இடம் எங்களுடையதல்ல என்று ஒப்புக்கொண்டதாகவே பில்டரின் வக்கீல் எழுதிக்கொள்வார். கொழுந்தனாரை அன்றைக்கு வேறு வேலைக்கு அனுப்பிவிடுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் துணைக்கு ஒரு ஆளும் வேண்டும். வரட்டும், பேசாமல் நிற்கட்டும்.

பில்டர் சிவில் வழக்குப் போட்டு இடைக்கால உத்தரவு கேட்கக்கூடும். அதற்கு முன்பாகவே உங்கள் பகுதிக்குரிய நீதிமன்றத்தில் கேவியட் மனு தாக்கல் செய்துவைத்தால் உங்களைக் கேட்காமல் உத்தரவு போடமாட்டார்கள். 90 நாள் செல்லும், பிறகு புதிதாகப் போட வேண்டும். வழக்கு வந்தால் நீதிமன்றம் ஒரு வழக்கறிஞர் ஆணையரை நியமித்து, சர்வேயரோடு வந்து அளந்து அறிக்கை தரச் சொல்லும். அந்த ஆணையர் வரும்போது கேட்டைத் திறந்துதான் ஆக வேண்டும், அது நீதிமன்ற உத்தரவு. என் அனுபவத்தில், தாலுகா அளவையைவிட அந்த அளவைதான் வழக்கில் எடுபடும். இரு தரப்பும் நின்று பார்ப்பதும், ஆட்சேபணையை எழுதிக்கொடுப்பதும் அங்கே முறையாக நடக்கும்.

தெருமுனை முக்காலி

பொது ரோட்டில் நின்று அளப்பதற்கு உங்கள் அனுமதி தேவையில்லை. உங்கள் காம்பவுண்டுக்குள் வந்தால்தான் கேள்வி. நிலம் கையகப்படுத்தும் 2013ஆம் ஆண்டு மத்திய சட்டத்தில் இதற்கு 12ஆம் பிரிவு இருக்கிறது. பூர்வாங்க அறிவிக்கை வந்த பிறகு அலுவலர்கள் நிலத்தில் நுழைந்து அளக்கலாம், மண்ணைத் துளைத்துப் பார்க்கலாம், எல்லை குறிக்கலாம். ஆனால் உரிமையாளரோ அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்தவரோ இல்லாமல் செய்யக் கூடாது. செய்தே ஆக வேண்டுமானால் 60 நாள் முன்பே அறிவிப்பு கொடுத்து உடனிருக்க வாய்ப்பளித்திருக்க வேண்டும். வீட்டுக்குள்ளோ, வீட்டை ஒட்டி வேலியடைத்த முற்றத்திலோ தோட்டத்திலோ நுழைய, குடியிருப்பவர் சம்மதிக்காவிட்டால் ஏழு நாள் முன்பே எழுத்தில் அறிவிப்பு வேண்டும். சேதம் ஏற்பட்டால் நஷ்டஈடும் உண்டு.

இந்த 60 நாளை அப்படியே எல்லா இடத்திலும் எதிர்பார்க்காதீர்கள். தமிழ்நாட்டில் சாலைக்கு 2001ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம், தொழில் நோக்கங்களுக்கு 1997ஆம் ஆண்டுச் சட்டம் என்று மாநிலச் சட்டங்கள் தனியே இருக்கின்றன. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956ஆம் ஆண்டுச் சட்டம், அதில் அறிவிக்கை வந்த 21 நாளுக்குள் ஆட்சேபணை கொடுத்துவிட வேண்டும். அதனால் யாராவது கேட்டைத் தட்டினால், எந்தச் சட்டத்தின் கீழ், அறிவிக்கை எண் என்ன, தேதி என்ன என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். அறிவிக்கை எதுவும் இல்லாமல், சும்மா பார்த்துட்டுப் போறோம் என்றால், ரோட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளச் சொல்லலாம்.

கடைசியாக அந்த இரும்பு முளை. அரசு நட்ட சர்வே கல்லைப் பிடுங்குவதும் நகர்த்துவதும் குற்றம். உங்கள் மனையிலுள்ள அரசுக் கல்லைப் பாதுகாக்க வேண்டிய கடமையும் உங்களுடையதுதான். முருங்கை மரத்தடியில் இருப்பது அந்த வகை அல்ல, யாரோ அடித்த கம்பி. இருந்தாலும் இப்போது தொடாதீர்கள், சுவரின் சிவப்பு அம்புக்குறியையும் அழிக்காதீர்கள். அன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். தாலுகா சர்வேயர் வரும்போது அதைக் காட்டி, "சார், இது உங்கள் கல்லா?" என்று நாலு பேர் முன்னால் கேளுங்கள். இல்லை என்று அவர் வாயால் சொன்ன பிறகு பிடுங்கி எடுத்து, உரியவரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.